அடைப்பை எடுத்தாச்சு, அப்புறம்? மாரடைப்புச் சிகிச்சைக்குப் பின் இதயத் தசையைக் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

இதயக் குழாய் அடைப்பை எடுக்கும் கேத் லேப் அறையின் கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர், "அடைப்பை எடுத்தாச்சு, ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கோம், பயப்படாதீங்க" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் உடனே ஊருக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு எல்லாம் சரியாயிடுச்சு" என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அது பாதி உண்மைதான் என்று புரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

டாக்டர் சரி செய்தது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை. அதைத் திறந்து வைத்திருக்கும் சின்னக் கம்பி வலைதான் ஸ்டென்ட். அந்தக் குழாயை நம்பியிருந்த தசையின் கதை தனி. அடைப்பு இருந்த நேரத்தில் அதில் ஒரு பகுதி செத்திருக்கும், ஒரு பகுதி மயங்கிக் கிடக்கும். மயங்கியது எழுந்திருக்குமா, செத்த இடம் நல்ல தழும்பாக இறுகுமா, இல்லை மெலிந்து விரிந்து இதயத்தையே பெரிதாக்கிவிடுமா என்பதெல்லாம் அடுத்த சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் முடிவாகிறது. அந்த நாட்களில் வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மருந்தின் அளவை மாற்றுவது மட்டும் அதில் சேராது, அது டாக்டர் வேலை.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ரத்தம் நின்று சுமார் 20 நிமிடத்திலேயே தசை சாக ஆரம்பிக்கிறது. ஆறு மணி நேரம் போனால் காப்பாற்ற மிச்சம் அதிகம் இருக்காது. அதனால்தான் அவ்வளவு அவசரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடைப்பைத் திறந்து ரத்தம் திரும்பப் பாயும் அந்த நிமிடங்களிலும் கொஞ்சம் தசை சேதமாகிறது. காய்ந்து கிடக்கும் வயலுக்கு மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு உடைகிற மாதிரி. செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி ஏறுகிறது, ஆக்சிஜனிலிருந்து நச்சுத் துகள்கள் உண்டாகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்கின்றன. பெரிய குழாய் திறந்திருந்தும் தசைக்கு ரத்தம் போய்ச் சேராத நிலை சிலருக்கு வருவது இதனால்தான்.

இதைத் தடுக்க ஆராய்ச்சியாளர்கள் பாடாய்ப் பட்டிருக்கிறார்கள். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2015-ல் வந்த பெரிய ஆய்வில் பலனில்லை. கையில் பிரஷர் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தினால் இதயம் தற்காத்துக்கொள்ளும் என்றார்கள். 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2019-ல் அதையும் கைவிட வைத்தது. ஆக, அந்த நிமிடங்களுக்கென்று மந்திர ஊசி எதுவும் இன்றுவரை கைக்கு வரவில்லை. யாராவது அப்படி ஒன்றை விற்க வந்தால் நம்பாதீர்கள். நம் கையில் இருப்பது அதற்குப் பிந்தைய நாட்கள்.

முதல் இரண்டு நாள்: ஐ.சி.யு. வாசலில்

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று விஷயம்.

ஒன்று, ஆக்சிஜன். "ஏன் எங்கப்பாவுக்கு ஆக்சிஜன் வைக்கல?" என்று நான் நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன். விரலில் மாட்டும் கருவி 90-க்கு மேல் காட்டினால் ஆக்சிஜனால் கூடுதல் நன்மை இல்லை என்று ஸ்வீடனில் 6,600-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2017-லேயே சொல்லிவிட்டது. அந்த நர்ஸிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு, சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வசதி இல்லாமல் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தால், வேலை அதோடு முடியவில்லை. ஊசி போட்ட ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி இ.சி.ஜி. எடுத்து அடைப்பு திறந்ததா என்று பார்ப்பார்கள். திறக்கவில்லையென்றால் உடனே ஸ்டென்ட் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். திறந்திருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்களைக் காட்டும் எக்ஸ்ரே படம், எடுப்பதுதான் முறை. "ஊசியிலேயே வலி போயிடுச்சே, அப்புறம் எதுக்கு ஆஞ்சியோ" என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவது பெரிய தப்பு.

மூன்று, ஸ்டென்ட் வைக்கக் குழாய் விட்ட மணிக்கட்டு அல்லது தொடை. அங்கே வீக்கம் பெரிதானாலோ, கை கால் சில்லிட்டு மரத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டே ஆக வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்து, பில்லைக் கட்டச் சொல்லி, வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த அவசரத்தில் கேள்வி எல்லாம் மறந்துபோகும். முந்தின நாள் ரவுண்ட்ஸிலேயே கேட்டுவிடுங்கள்.

பம்பிங் எத்தனை சதவீதம்? இதயத்தின் ஸ்கேனான எக்கோவில் இ.எஃப். என்று போட்டிருக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு அது. பொதுவாக 55-க்கு மேல் இருந்தால் நல்லது. 40-க்குக் கீழே என்றால் மருந்துப் பட்டியலே மாறும். ஒன்றை மனதில் வையுங்கள்: முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த எக்கோ, மயங்கிக் கிடக்கும் தசையையும் செத்த கணக்கில் சேர்த்துத்தான் காட்டும். அப்பாவுக்கு 38 என்று வந்தபோது வீடே இடிந்து உட்கார்ந்தது. அது கடைசித் தீர்ப்பு இல்லை என்று யாராவது அன்று சொல்லியிருக்கலாம்.

வேறு குழாயில் பிளாக் இருக்கிறதா? மாரடைப்பை உண்டாக்கிய அடைப்பை மட்டும் அவசரத்தில் சரி செய்திருப்பார்கள். மற்ற குழாய்களில் உள்ள பெரிய அடைப்புகளையும் சில வாரங்களுக்குள் சரி செய்தவர்களுக்கு மறு மாரடைப்பு குறைந்ததை 2019-ல் வந்த 4,000 பேர் ஆய்வு காட்டியது. "பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.

இதயத்துக்குள் ரத்தக் கட்டி இருக்கிறதா என்பதும் எக்கோவில் தெரியும். இருந்தால் சில மாதங்களுக்குத் தனி மருந்து தருவார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), சர்க்கரை, எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆஞ்சியோ படம் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை: இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்

பையைத் திறந்தால் ஏழு எட்டு மாத்திரை இருக்கும். எது எதற்கு என்று தெரிந்தால்தான் எதை விடக்கூடாது என்று தெரியும்.

ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. ஆஸ்பிரின் ஒன்று, கூடவே குளோபிடோக்ரெல், டிகாக்ரெலர், பிராசுக்ரெல் இவற்றில் ஏதாவது ஒன்று. ஸ்டென்ட் என்பது உடம்புக்கு அந்நியமான கம்பி வலை. அதன் மேல் தோல் மாதிரி ஒரு படலம் மூடும்வரை அதில் ரத்தம் உறையப் பார்த்துக்கொண்டே இருக்கும். உறைந்தால் மறுபடி மாரடைப்பு, இந்த முறை இன்னும் மோசமாக. ஆபத்து மிக அதிகம் முதல் மாதத்தில். சாதாரணமாக இரண்டையும் ஓராண்டு சாப்பிடச் சொல்வார்கள். ரத்தக் கசிவு பயம் உள்ளவர்களுக்கு டாக்டரே முன்னதாகக் குறைப்பார். பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், கண் ஆபரேஷனுக்கு நிறுத்தச் சொன்னாலும், "என் ஹார்ட் டாக்டரிடம் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

டிகாக்ரெலர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இரவு வேளையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இன்னொன்று, பத்தில் ஒருவருக்கு மேல் இதனால் மூச்சு வாங்குவது போல இருக்கும். நெஞ்சில் புதிதாக ஏதோ வந்துவிட்டதென்று பயப்படுவார்கள், இல்லையென்றால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாகவே நிறுத்திவிடுவார்கள். அப்பா இரண்டாவதைச் செய்தார். மூன்றாவது வாரம் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன், ஒன்பது மாத்திரை கூடுதலாக இருந்தது. டாக்டரிடம் சொன்னோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார், இல்லை என்றதும் குளோபிடோக்ரெலுக்கு மாற்றிக்கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும்.

குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு ஒரு சிக்கல். நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கலில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கும். பேன்டோப்ரசோல் அந்த அளவுக்குத் தொல்லை கொடுக்காது. டாக்டர் எழுதியதைத்தான் கடைக்காரர் கொடுத்தாரா என்று அட்டையைப் பாருங்கள்.

கொழுப்பு மாத்திரை. "எனக்குக் கொழுப்பே நார்மல், எதுக்கு இது?" என்பது தினமும் கேட்கும் கேள்வி. அட்டார்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ இங்கே அதிக அளவில் கொடுப்பது குழாய்ச் சுவரில் உள்ள மற்ற படிவுகள் வெடிக்காமல் உறுதியாக இருப்பதற்காகவும்தான். லேப் தாளில் போட்டிருக்கும் 'நார்மல்' மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொருந்தாது. எல்.டி.எல். 55-க்குக் கீழே போக வேண்டும் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்களின் இலக்கு. நம் ஊரிலும் அதையொட்டித்தான் பார்க்கிறார்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள். குறையவில்லையென்றால் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பார்கள்.

இதயம் விரியாமல் இருக்கும் மாத்திரை. ராமிப்ரில் போன்றவை. பிரஷர் மாத்திரை என்றுதான் அட்டையைப் பார்த்து எல்லோரும் நினைப்பார்கள். "எனக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று நிறுத்துவார்கள். தழும்பு விழுந்த தசை இழுபட்டு மெலிந்து போகாமல் பிடித்துவைப்பது இதன் முக்கிய வேலை. வறட்டு இருமல் வந்தால் இருமல் மருந்து வாங்கிக் குடிக்காதீர்கள், டாக்டரிடம் சொன்னால் இருமல் தராத வேறு வகைக்கு மாற்றுவார். பம்பிங் மிகக் குறைவு என்றால் ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்லெரினோன், டாபாக்ளிஃப்ளோசின் போன்றவையும் சேரும். ஸ்பைரோனோலாக்டோனோ எப்லெரினோனோ சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். 'லோ சோடியம் உப்பு' என்று பாக்கெட்டில் விற்பது நல்லதென்று வாங்கிவிடாதீர்கள், அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். தினமும் இளநீர் குடிப்பவரானால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரை பம்பிங் குறைந்தவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். பம்பிங் நன்றாக இருப்பவர்களுக்கு இது எவ்வளவு காலம் தேவை என்பதில் இப்போது மருத்துவர்களுக்குள்ளேயே விவாதம் ஓடுகிறது. 2024-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய பலன் காட்டவில்லை. உங்கள் டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும்.

வாந்தி பேதி வந்து உடம்பு வற்றினால் மட்டும், நீர் மாத்திரை, ராமிப்ரில், டாபாக்ளிஃப்ளோசின் இவற்றை அன்று போடலாமா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இது அடிக்கடி நடக்கிறது. ஸ்டென்ட் மாத்திரைகளை அப்போதும் விடக்கூடாது.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். எங்கள் பெரியப்பா ஒரு பாட்டிலே கொண்டுவந்து வைத்தார். பூண்டு ரசத்தில் நன்றாக இருக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மூட்டு வலிக்கு ஒரு ஊசி

ஆறாவது வாரம் அப்பாவுக்கு முழங்கால் வலி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் "வலிக்கு ஒரு ஊசி, அஞ்சு நாளைக்கு மாத்திரை" வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்ததை அவர் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் டைக்ளோஃபினாக்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபென், எட்டோரிகாக்சிப் வகை வலி மருந்துகள் ஆகாது. மறு மாரடைப்பு, வயிற்றில் ரத்தக் கசிவு, உடம்பில் நீர் தேங்குவது, சிறுநீரகக் கோளாறு என்று நாலு பக்கமும் அடிக்கும். வலிக்குப் பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது: "ஸ்டென்ட் வைத்தவர். வலி ஊசி போடக் கூடாது." கூடவே மாத்திரைகளின் பெயர். எங்கே போனாலும் அதை எடுத்து நீட்டுவார்.

தராசும் உப்பும்

பம்பிங் குறைந்தவர்கள் வீட்டில் பிரஷர் மெஷினைவிட முதலில் வாங்க வேண்டியது எடை பார்க்கும் தராசு. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் ஏறி நில்லுங்கள். காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழும். இரவில் ஒரு தலையணை போதாமல் இரண்டு மூன்று வைக்க வேண்டியிருந்தாலும், படுத்ததும் இருமல் வந்தாலும் அதே அர்த்தம்தான். அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று தட்டில் வைத்தால் குறைத்ததாகக் கணக்கு இல்லை. கஞ்சியும் கருவாடும் பிடித்தவருக்கு இது உண்மையிலேயே கஷ்டம்தான். எலுமிச்சை, மிளகு, சீரகம் தூக்கலாகப் போட்டால் நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிக்கொள்ளும்.

பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் அன்றே நிறுத்த வேண்டும். 'குறைச்சுக்கிட்டேன்' என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

படுத்தே கிடந்தாலும் தப்பு, குதித்தாலும் தப்பு

செத்த தசை தழும்பாக இறுக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கனமான குடத்தைத் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது, மூச்சைப் பிடித்துத் தள்ளும் வேலை வேண்டாம். மலச்சிக்கலில் முக்குவதும் இந்த வகையில்தான் சேரும். இசப்கோலோ வேறெதுவோ டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

அதற்காக ஆளைக் கட்டிலோடு கட்டிப்போடவும் கூடாது. சிக்கல் இல்லாமல் வீடு வந்தவர் முதல் வாரம் வீட்டுக்குள், வாசல்வரை, ஐந்து பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நடக்கலாம். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி, ஐந்தாறு வாரத்தில் அரை மணி நேர நடைக்கு வரலாம். அளவுகோல் சுலபம்: நடக்கும்போது கூட வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச மூச்சு இல்லையென்றால் வேகம் அதிகம். சாப்பிட்ட கையோடும் நண்பகல் வெயிலிலும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால் சேர்ந்துவிடுங்கள். நம் ஊரில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்று: தாம்பத்தியம். இரண்டு மாடி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் வீரியத்துக்கான மாத்திரையும் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் சேரவே கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும்.

ஃப்ளூ தடுப்பூசியையும் மறக்காதீர்கள். மாரடைப்பு வந்த சில நாட்களுக்குள் அதைப் போட்டவர்களில் அடுத்த ஓராண்டில் இறந்தவர்கள் குறைவு என்று 2,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2021-ல் காட்டியது. அந்த ஆய்வில் வங்கதேசமும் இருந்தது, ஆகவே இது குளிர் நாட்டுக்காரர் சமாச்சாரம் மட்டும் இல்லை.

அழுகை

இரண்டாவது மாதம் ஒரு நாள் டிவியில் ஏதோ பழைய பாட்டு ஓடியதற்கு அப்பா தேம்பித் தேம்பி அழுதார். நாங்கள் பார்த்ததே இல்லை. மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு ரொம்பச் சாதாரணம், அது மாத்திரையைத் தவறவிட வைக்கும், நடையை நிறுத்த வைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் குறைந்திருந்தால் அதையும் ஒரு நோய்க்குறியாகவே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் மாத எக்கோ

ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி எக்கோ எடுக்க வேண்டும், முக்கியமாகப் பம்பிங் குறைவாக இருந்தவர்களுக்கு. "நல்லாத்தானே இருக்கேன்" என்று தள்ளிப்போடுவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். மயங்கிய தசை எழுந்ததா என்று அப்போதுதான் தெரியும். எல்லா மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் 35-ஓ அதற்குக் கீழேயோ இருந்தால், ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் ஷாக் கொடுக்கும் கருவியை நெஞ்சில் பொருத்துவது பற்றிப் பேசுவார்கள். அப்பாவுக்கு 38 போய் 47 வந்தது. அந்த எக்கோ தாளை அம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

மறுபடி வலித்தால்

இதை முன்னாலேயே எழுதி ஒட்டிவையுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் மூளை வேலை செய்யாது. உட்கார வையுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் சார்பிட்ரேட் ஒன்று நாக்குக்கு அடியில். ஐந்து நிமிடத்தில் வலி நிற்கவில்லையென்றால் 108. வாயு என்று சோடா குடிக்க வைப்பது, ஓமத் தண்ணீர் கொடுப்பது, பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவது எதுவும் வேண்டாம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் கிராமமென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கே முதல் வேளை மருந்தாக 14 மாத்திரை இருக்கும்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறார் என்ற சீட்டைக் காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். வாயில் ஒரு பக்கம் கோணினாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ அதுவும் ஆஸ்பத்திரி விஷயம்தான்.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. சார்பிட்ரேட் அட்டை அதற்கு மேலேயே ஒரு சின்ன டப்பாவில், அதன் மூடியில் காலாவதித் தேதியை என் மகள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.